ராக்கெட் பார்த்த மூலையும் ரெஜினா டீச்சரும்

ரெஜினா டீச்சர் இறந்துவிட்டார் என்ற செய்தி வந்தபோது, அவரோடு சண்டை போடுவதற்கு ஒரு விஷயத்தைத் தயார் செய்துகொண்டிருந்தேன். கோவிலம்பாக்கத்தில் என் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். காலை நேரம், அடுப்பில் பருப்புக்குக் குக்கர் வைத்திருந்தேன். முந்தின நாள்தான் ரெஜினா டீச்சர் போனில், "நிலாவுல இட்லி வேகாது டீச்சர், ஆவி அங்க நிக்காது" என்று அடித்துச் சொல்லியிருந்தார். குக்கர் விசில் அடித்ததும் எனக்குப் பதில் கிடைத்துவிட்டது. மூடிவைத்த பாத்திரத்திலிருந்து ஆவி எங்கே போகும்? உடனே கூப்பிட்டுக் கேட்டுவிட வேண்டும் என்று போனை எடுக்கிறேன், அதற்குள் அதுவே அடித்தது. எங்கள் குடியிருப்பின் முதல் மாடி சுந்தரேசன் சார். எப்போதும் மூச்சு விடாமல் பேசுகிறவர், "மேடம், நம்ம ரெஜினா டீச்சர்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். "என்ன, எங்க விழுந்தாங்க?" என்று கேட்டேன். "விழலை மேடம். காலைல எழுந்துக்கலை. தூக்கத்துலயே" என்றார். நான் அடுப்பை அணைத்தேன். என் பதிலைக் கேட்காமலே போய்விட்டாரே என்றுதான் முதலில் தோன்றியது. இதைக் கல்நெஞ்சம் என்று சிலர் நினைக்கலாம். அவரை அறிந்த உங்களுக்குப் புரியும்.

தாம்பரத்தில் எங்கள் பள்ளியில் படித்தவர்களுக்கும் ஊரப்பாக்கத்தில் எங்கள் குடியிருப்பில் இருப்பவர்களுக்கும் ரெஜினா டீச்சரை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் புவியியல் ஆசிரியை, நான் கணக்கு. ஆசிரியர் அறையில் எதிரெதிர் மேசை. ஓய்வு பெற்றதும் அவர் ஊரப்பாக்கத்தில் இரண்டாம் மாடியில் ஒரு வீடு வாங்கிக்கொண்டு, "ஸ்டேஷன் பக்கம், லிஃப்ட் இருக்கு, மொட்டை மாடி இருக்கு, வாங்க" என்று என்னையும் இழுத்துக்கொண்டு வந்துவிட்டார். நான் தனிக்கட்டை. மூன்றாம் மாடியில் ஒரு வீடு காலியாக இருந்தது. ஆக, வேலையில் இருந்த காலம் முழுக்க எதிர் மேசையில் சண்டை, அதற்குப் பிறகு ஒரு மாடி இடைவெளியில் சண்டை.

சண்டை என்றால் சொந்த விஷயமாக ஒன்றும் இல்லை. யார் வீட்டில் என்ன சமையல், யார் மருமகள் எப்படி என்பதில் அவருக்குக் கொஞ்சமும் அக்கறை கிடையாது. அவருடைய அக்கறையெல்லாம் மூன்றே மூன்று: விண்வெளி, ஓட்டு, மின்சாரம். மூன்றிலும் அவர் நிபுணர் இல்லை. அதை அவரே சொல்வார். "நிபுணர்னா யோசிச்சுப் பேசணும் டீச்சர். நமக்கு அந்தத் தொல்லை இல்லை" என்பார். பாலாற்றில் ஆரம்பிக்கும் அவருடைய பாடம் மணி அடிக்கும்போது சனிக்கிரகத்தின் வளையத்தில் நின்றுகொண்டிருக்கும். பிள்ளைகள் பரீட்சையில் பாலாற்றைக் கோட்டை விட்டார்கள். ஆனால் எங்கேயாவது கிரகணம் என்றால் இன்றைக்கும் எனக்கு அந்தப் பழைய மாணவிகளிடமிருந்துதான் முதலில் செய்தி வருகிறது.

ராக்கெட் பேச்சு வந்தால் யாராவது ஒருவர் தவறாமல் ஒரு கேள்வி கேட்பார். எங்கள் குடியிருப்பில் அதைக் கேட்பது சுந்தரேசன் சார். "இங்க ஜி.எஸ்.டி. ரோட்டுலேர்ந்து நம்ம தெருவுக்கு ஒழுங்கா வந்து சேர முடியலை. இதுல செவ்வாய்க்கு ராக்கெட் எதுக்கு டீச்சர்?" ரெஜினா டீச்சர் கோபப்பட மாட்டார். "சரி சார், ராக்கெட்டை நிறுத்திட்டாங்கன்னு வைங்க. மறுநாளே வந்து நம்ம தெருவுக்கு ரோடு போட்ருவாங்களா? ரெண்டும் இல்லாமப் போயிடும். இப்ப ஒண்ணாவது இருக்கு" என்றார். சுந்தரேசன் சார் யோசித்துப் பார்த்துவிட்டு, அது சரிதான் என்று ஒப்புக்கொண்டார். ஆனால் மனிதர்கள் செவ்வாயில் போய்க் குடியேறுவது பற்றி ரெஜினா டீச்சருக்கே ஒரு பெரிய சந்தேகம் இருந்தது. அங்கே போவதும் காற்று உண்டாக்குவதும் தண்ணீர் எடுப்பதும் எப்படியாவது முடியும். "அங்க அசோசியேஷன் யாரு நடத்துவாங்க? மெயின்டனன்ஸ் கட்டாதவனை என்ன பண்ணுவீங்க? இங்கயாவது தண்ணியை நிறுத்தலாம். அங்க காத்தையா நிறுத்த முடியும்?" அசோசியேஷன் செயலாளர் நான்தான் என்பதால் இந்தக் கேள்வி என்னைப் பார்த்துக் கேட்கப்பட்டது.

ஓட்டு விஷயத்துக்கு வருகிறேன். ஆசிரியர்களான எங்களுக்குத் தேர்தல் வேலை உண்டு. ஒரு தேர்தலில் அவர் போன வாக்குச்சாவடியில் ஷேர் ஆட்டோ ஓட்டும் ஒரு பெரியவர் விரலில் மை வைத்துக்கொண்ட பிறகும் நகராமல் நின்றிருக்கிறார். "இன்னாங்க, என்ன யோசனை?" என்று இவரும் அவர் பாஷையிலேயே கேட்டாராம். "ஒண்ணும் இல்ல மேடம். ரெண்டு பேரு நமக்கு புட்ச்ச மாரி கீறாங்க. ரெண்டு பட்டனும் அமுக்கிகினு போலாமா?" கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுநாள் ஆசிரியர் அறைக்கு வந்தவர் உட்காரக்கூட இல்லை. "ஏன் டீச்சர் கூடாது? அவர் கேட்டதுல என்ன தப்பு? ஒருத்தரை மட்டும் சொல்லுன்னா சண்டை வருது. பொறுத்துக்கக்கூடிய எல்லாரையும் சொல்லுன்னா? யாரை நிறைய பேரு பொறுத்துக்கறாங்களோ அவங்க வரட்டும். நாடு நிம்மதியா இருக்கும்."

நான் கணக்கு டீச்சர் ஆயிற்றே, சும்மா இருப்பேனா. "எல்லாரும் எல்லாருக்கும் போட்டுட்டா?" என்று கேட்டேன். "அப்படி யாராவது போடுவாங்களா டீச்சர், மூளை இருக்காது?" என்றார். இந்தப் பதிலைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு யோசனையும் வைத்திருந்தார். தேர்தலுக்கு முந்தின நாள் மாலை தாம்பரத்தில் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் நிற்கிற கூட்டத்தைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, ஓட்டுப் போட ஊருக்குப் போகிறவர்கள். பொத்தேரியில் படிக்கிற பிள்ளைகள் பாதிப் பேர் டிக்கெட் கிடைக்காமல் போகாமலே இருந்துவிடுவார்கள். "பணம் அனுப்பறதுக்கு யாராவது ஊருக்குப் போறாங்களா? போன்ல போடறாங்க. ஓட்டுக்கு மட்டும் ஏன் நின்னுக்கிட்டே விருத்தாசலம் வரைக்கும் போகணும்?" என்பார். நான் அதில் உள்ள சிக்கல்களை வரிசையாகச் சொல்லுவேன். அவர் கேட்டுக்கொண்டே வேர்க்கடலை உரித்துத் தின்பார். என்னைப் பேசவிட்டுத் தின்பது அவருடைய விவாத முறைகளில் ஒன்று. கடைசியில் எனக்குக் கடலையும் மிஞ்சாது, வாதமும் மிஞ்சாது.

மூன்றாவது, மின்சாரம். சித்திரை வெயிலை யாராவது திட்டினால் அவருக்குப் பிடிக்காது. "திட்டாதீங்க டீச்சர். தினமும் மாடிக்கு வந்து கொட்டிட்டுப் போகுது. நாமதான் வாங்கி வெச்சுக்கத் துப்பில்லாம விசிறிக்கிட்டு இருக்கோம்" என்பார். ஒரு பழைய அலுமினியக் குண்டானுக்கு வெளியே கறுப்பு பெயின்ட் அடித்து, தண்ணீர் நிரப்பி, கண்ணாடி மூடி போட்டு, மாடியில் வைத்துவிடுவார். பிற்பகலில் அந்தத் தண்ணீரில்தான் குளிப்பார். மே மாதத்தில் சென்னையில் யாராவது வெந்நீரில் குளிப்பார்களா? ரெஜினா டீச்சர் குளித்தார், ஒரு கொள்கைக்காக.

இந்த மூன்று பைத்தியங்களும் ஒன்றோடொன்று மோதிக்கொண்ட இடம் எங்கள் மொட்டை மாடியின் வடகிழக்கு மூலை. அந்தக் கதையைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் குடியிருப்பின் தென்மேற்கில் தண்ணீர்த் தொட்டி. வடமேற்கில் பக்கத்துக் கட்டடம் எங்களைவிட இரண்டு மாடி உயரம். வடக்கே வானம் திறந்து தெரிவது வடகிழக்கு மூலையில்தான். ஸ்ரீஹரிகோட்டாவில் மாலை நேரத்தில் ராக்கெட் விட்டால், மேகம் இல்லாத நாளில், அங்கிருந்து பார்க்கலாம். அடிவானத்தில் ஒரு ஆரஞ்சுப் பொட்டு கிளம்பி, சாய்ந்து, கடல் பக்கம் போய் மறையும். மொத்தமும் ஓரிரு நிமிடம். அதற்கு முந்தின மணி நேரம் முழுக்க எங்களுடையது. இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு பிளாஸ்க் காபி, அவர் வீட்டுச் சுண்டல். கணவர் இறந்து, மகள் ஷீபா கனடாவுக்குப் போன பிறகு அவருக்கு அந்த மூலைதான் வரவேற்பறை. எனக்கோ வீட்டில் பேசுவதற்குத் தொலைக்காட்சியைத் தவிர யாரும் கிடையாது. ராக்கெட் இல்லாத நாளிலும் நாங்கள் அங்கேதான் இருந்தோம்.

ஒருமுறை குடியிருப்பில் எல்லாரையும் கூப்பிட்டு மாடி நிறையக் கூட்டம் சேர்த்துவிட்டார். கடைசி நேரத்தில் ஏதோ கோளாறு என்று ராக்கெட்டை நிறுத்திவிட்டார்கள். சுந்தரேசன் சார், "என்ன டீச்சர், உங்க ராக்கெட் சுண்டலோட முடிஞ்சுபோச்சா?" என்று கேட்டார். "அவ்வளவு ஜனம் பாத்துக்கிட்டு இருக்கும்போது, வேணாம்னு நிறுத்தறதுக்கு எவ்வளவு தைரியம் வேணும் தெரியுமா சார்? நம்மளால ஒரு கல்யாணத்தை நிறுத்த முடியுதா?" என்றார் ரெஜினா டீச்சர். சுண்டல் தீரும்வரை யாரும் கீழே இறங்கவில்லை.

போன கோடைக்கு முந்தின கோடையில் எங்கள் தெருவில் மின்சாரம் அடிக்கடி போனது. மின்சாரம் போனால் லிஃப்ட் நிற்கும், தண்ணீர் மோட்டார் நிற்கும். ஒருநாள் சுந்தரேசன் சாரின் மனைவி கோமதி, இரண்டு பை காய்கறியோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டார். கதவைத் திறந்து வெளியே எடுக்கும்போது அவர் எங்கள் எல்லாரையும் பார்த்த பார்வை இருக்கிறதே, அதற்கு மேல் தள்ளிப்போட முடியாது என்று அசோசியேஷன் கூட்டம் போட்டேன். மூன்று வழிகள் வந்தன. கீழே டீசல் ஜெனரேட்டர் வைப்பது, மாடியில் சோலார் தகடுகளைப் போட்டுப் பேட்டரியோடு இணைப்பது, இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் இருப்பது.

சோலார் ஆசையைக் கிளப்பியது ரெஜினா டீச்சர்தான் என்று சொல்லத் தேவையில்லை. பொருத்துகிற ஆள் வந்து மாடியை அளந்து பார்த்தார். தொட்டியின் நிழலும் பக்கத்துக் கட்டடத்தின் நிழலும் விழாத இடம் வடகிழக்கு மூலை மட்டும்தான் என்றார். "அப்ப அங்க ஆள் நிக்க இடம் இருக்குமா?" என்று நான் கேட்டேன். "உயரமாத் தூக்கிப் போட்டா புயல் காத்துக்கு ஆபத்து மேடம். தாழ்வாத்தான் போடணும். நிக்கல்லாம் முடியாது" என்றார். நான் ரெஜினா டீச்சரைப் பார்த்தேன். அவர் வடக்கே ஒருமுறை பார்த்துவிட்டு, "தகடு எத்தனை வருஷம் உழைக்கும் தம்பி?" என்று அவரிடம் கேட்டார்.

இந்த இடத்தில் சுந்தரேசன் சார் எங்களுக்கு எதிர்பாராத கூட்டாளியாக வந்து சேர்ந்தார். அவர் ஜெனரேட்டர் கட்சி. வடகிழக்கு ஈசானிய மூலை, அதில் பாரம் ஏற்றினால் குடியிருப்புக்கே ஆகாது என்பது அவர் நம்பிக்கை. அவர் சொன்னால் கேட்கிற வீடுகள் கணிசமாக உண்டு. ஒரு மாலை எங்கள் நாற்காலிகளுக்கு நடுவில் வந்து நின்று சொன்னார்: "டீச்சர், நீங்க வேற மதம், உங்களுக்கு இதுல நம்பிக்கை இருக்காது. ஆனா இந்த மூலை காலியா இருக்கணும்னு நீங்களும் நினைக்கறீங்க, நானும் நினைக்கறேன். மீட்டிங்ல ஒரு வார்த்தை எனக்கு சப்போர்ட்டா சொல்லுங்க. மூலை நமக்கே." எனக்கு அவரைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

ரெஜினா டீச்சர் அவருக்குக் காபி ஊற்றிக் கொடுத்தார். "உங்க காரணம் வேற, என் காரணம் வேற சார். ரெண்டுமே நம்ம ஆசைக்குத்தான் ஆகும். கோமதி லிஃப்ட்ல மாட்டறதுக்கு ஆகாது." சார் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். எனக்குத்தான் கோபம் தலைக்கு ஏறியது. "உங்களுக்கு நாற்காலி போட வேற இடம் எங்க இருக்கு?" என்று கேட்டேன். "அதை அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கூட்ட நாள் வந்தது. எப்படி ஓட்டெடுப்பது என்று பேச்சு வந்ததும் ரெஜினா டீச்சர் எழுந்து, அந்த ஷேர் ஆட்டோக்காரர் கேட்ட கேள்வியைச் சொல்லி, தன் திட்டத்தை விளக்கினார். மூன்று வழிகளையும் ஒவ்வொன்றாகப் படிப்பது, பொறுத்துக்கொள்ள முடிகிற எல்லாவற்றுக்கும் கை தூக்குவது. புதுமையாக இருக்கிறதே என்று எல்லாரும் ஒப்புக்கொண்டார்கள். நான் "ஜெனரேட்டர்" என்று படித்தேன். முன் வரிசையில் சுந்தரேசன் சார் கையைத் தூக்கிக்கொண்டு மெதுவாகத் திரும்பி எல்லாரையும் பார்த்தார். எல்லாரும் தூக்கினார்கள். "சோலார்" என்று படித்தேன். ரெஜினா டீச்சர் திரும்பிப் பார்த்தார். பாதிப் பேரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தவர் ஆயிற்றே, எல்லாரும் தூக்கினார்கள். "ஒன்றும் வேண்டாம்" என்று படித்தபோது, தரைத்தளத்தில் இருக்கும் வயதான தம்பதி மட்டும் தயங்கித் தயங்கித் தூக்கினார்கள். அவர்கள் மனம் நோகக்கூடாது என்று மற்றவர்களும் தூக்கினார்கள். பந்தியில் உட்கார்ந்தவர், வந்து கேட்கிற எல்லாப் பரிமாறுபவர்களுக்கும் தலையாட்டுவதைப் போல. மூன்றும் சமம்.

ஞாபகத்தில் வைத்துக்கொள்ளச் சொன்னேனே, அது இதுதான். உலகத்தில் வேறு எங்கேயாவது ஜெயித்திருந்தாலும் ஜெயித்திருக்கும், அந்தத் திட்டம் எங்கள் ஊரப்பாக்கத்தில் முகதாட்சண்யத்திடம் தோற்றது. நான் ரெஜினா டீச்சரைப் பார்த்துச் சிரித்த சிரிப்பை அவர் நெடுநாள் மறக்கவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய சந்தோஷம் எனக்குக் காத்திருந்தது. ஓட்டு சமமானால் செயலாளர் முடிவு செய்யலாம் என்று எங்கள் விதியில் இருக்கிறது. அவர் வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தாலும் அவருடைய மூலையை நான் காப்பாற்றிவிடலாம். என்னுடைய மூலையையும்தான். "சமமா இருக்கறதால, செயலாளர்ங்கற முறையில" என்று நான் ஆரம்பிக்கிறேன், ரெஜினா டீச்சர் எழுந்துவிட்டார்.

"இது சமம் இல்லை டீச்சர். மரியாதை."

எல்லாரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "தப்பு என்னோடது. நம்ம ஊர்ல மூஞ்சியப் பாத்துக்கிட்டு யாரும் 'முடியாது'ன்னு சொல்ல மாட்டாங்கன்னு எனக்குத் தெரிஞ்சிருக்கணும். துண்டுச் சீட்டுல டிக் போடுங்க, பேர் வேணாம். யாருக்கு எதைப் பொறுத்துக்க முடியலையோ அதை தைரியமா விட்டுடுங்க. நான் என்ன போடுவேன்னு இப்பவே சொல்லிடறேன், அப்புறம் யாரும் எனக்காகன்னு போடக் கூடாது. எனக்கு அந்த மூலை வேணும். ரொம்ப வேணும். ஆனா நான் சோலாருக்குத்தான் போடப்போறேன். நீங்க உங்களுக்குப் போடுங்க."

கோமதி வீட்டிலிருந்து இட்லிப் பானை வந்தது. சீட்டுகள் அதில் விழுந்தன. எடுத்துப் படித்தவள் நான்தான். ஜெனரேட்டருக்கு விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குக்கூட விழவில்லை. ஒன்றும் வேண்டாம் என்பதற்குச் சில. சோலாருக்கு ஏறக்குறைய மொத்தமும். சுந்தரேசன் சார் நம்ப முடியாமல் தன் மனைவியைப் பார்த்தார். கோமதி எல்லாருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னார்: "லிஃப்ட்ல மாட்டினது நானா, நீங்களா?"

நான் முடிவைப் படித்துவிட்டு, நன்றிகூடச் சொல்லாமல் எழுந்து மாடிப்படி ஏறி என் வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். தோற்றால் எழுந்து போய்விடுவது என் வழக்கம். பள்ளியிலும் அப்படித்தான், உங்களுக்குத் தெரியும். கீழே கூட்டம் முடிந்து காபி கொடுக்கிற சத்தமும், அதற்கு நடுவில் ரெஜினா டீச்சரும் சுந்தரேசன் சாரும் எதற்கோ சேர்ந்து சிரிக்கிற சத்தமும் கேட்டன. அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

தகடுகள் வந்தன, மூலை போனது. நாற்காலிகளைக் கீழே இறக்கினார்கள். நான் அவரோடு பேசவில்லை. அவர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை, அதுதான் அவரிடம் இருக்கிற பெரிய தொந்தரவு. ஒரு மாலை வாசல் மணி அடித்தது. கையில் பிளாஸ்கோடு நிற்கிறார். "கிளம்புங்க டீச்சர். இன்னைக்கு ராக்கெட். ஸ்டேஷன் பிரிட்ஜுக்குப் போலாம், அங்கேர்ந்து வடக்கு நல்லாத் தெரியும்."

"உங்க முட்டி?"

"முட்டி என்னோடதுதானே, நான் பாத்துக்கறேன்."

ஊரப்பாக்கம் ரயில் நிலைய நடைமேம்பாலத்தின் படிகளில் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். வேலை முடிந்து வருகிறவர்கள் எங்களை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். மேலே கம்பி ஓரமாக இரண்டு பேரும் தண்டவாளத்தின் நேர்க்கோட்டில் வடக்கே பார்த்துக்கொண்டு நின்றோம். பூக்கூடையோடு வந்த ஒரு அம்மா நின்று, "இன்னாக்கா பாத்துகினு கீறீங்க? ட்ரெயின் எதுனா நின்னு பூட்ச்சா?" என்று கேட்டார். "ராக்கெட்டும்மா. இப்ப அங்கேர்ந்து கிளம்பும்" என்று ரெஜினா டீச்சர் கையை நீட்டினார். அந்த அம்மா கூடையைக் கீழே வைத்தார். அவர் பின்னால் வந்தவர் நின்றார். பொத்தேரியிலிருந்து வந்த கல்லூரிப் பெண்கள் நாலைந்து பேர் நின்றார்கள். "மச்சான், இங்க வாடா, ராக்கெட்டாம்" என்று யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். அன்று மேகம் இல்லை. ஆரஞ்சுப் பொட்டு எழும்பியபோது பாலத்தின் வடக்குப் பக்கம் முழுக்க ஜனம். பூக்காரம்மா, "யம்மாடி, சாமி மாரி போவுதே" என்று கும்பிட்டார். கல்லூரிப் பெண்கள் கை தட்டினார்கள். ரெஜினா டீச்சர், இது முதல் கட்டம், இது கழன்று கடலில் விழும், அடுத்து இரண்டாவது எரியும் என்று, பாதி சரியாகவும் பாதி தப்பாகவும், எல்லாருக்கும் பாடம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு பிளாஸ்கைத் திறந்தார். "இன்னும் கோவமா? மூலை போனா என்ன டீச்சர், நான் எங்க போயிட்டேன்?" என்றார்.

இப்போது போய்விட்டார். இந்த மே மாதம்.

ஷீபா கனடாவிலிருந்து வந்து சேர மறுநாள் பிற்பகல் ஆகும் என்றார்கள். அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் எதுவும் செய்துவிடாதீர்கள் என்று போனில் அழுதாள். தரைத்தளத்தில், கார்களையெல்லாம் வெளியே எடுத்துவிட்டு, ஃப்ரீசர் பெட்டியில் அவரை வைத்திருந்தோம். பங்குத்தந்தை வந்து ஜெபித்தார். பழைய மாணவிகள் வந்துகொண்டே இருந்தார்கள். மறுநாள் காலையில் தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் வெடித்து மொத்தத் தெருவுக்கும் மின்சாரம் போனது. சாயங்காலம் ஆகும் என்று சொன்னார்கள். அக்னி நட்சத்திர வெயில். எதிர் வீடுகளில் ஜனங்கள் விசிறியோடு வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

எங்கள் தரைத்தளத்தில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. பெட்டியின் மோட்டார் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. யாரும் முதலில் அதைக் கவனிக்கவில்லை. சுந்தரேசன் சார்தான் தெருவைப் பார்த்து, ஃபேனைப் பார்த்து, பெட்டியிலிருந்து போகும் வயரைப் பார்த்தார். பொது லைனில் செருகியிருந்தது. மேலே, எங்கள் மூலையில், வெயில் கொட்டிக்கொண்டிருந்தது. அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். "ஈசானிய மூலைல பாரம் வெக்கக் கூடாதுன்னு நான் சொன்னேன் மேடம்" என்றார். அந்த மனிதர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

ஷீபா வந்தாள். அவள் அம்மா தூங்குகிறவரைப் போலத்தான் இருந்தார், கொஞ்சம் விவாதத்துக்குத் தயாரான முகத்தோடு. பெட்டியின் மேல் தலையை வைத்து அவள் வெகு நேரம் அழுதாள். அழுது முடித்து நிமிர்ந்து, "தெரு பூரா கரன்ட் இல்லைன்னாங்களே ஆன்ட்டி, இது எப்படி ஓடுது?" என்று கேட்டாள். சொன்னேன். அழுதுகொண்டே சிரித்துவிட்டாள். "மம்மி இருந்திருந்தா இதை ஒரு வருஷம் சொல்லிக் காட்டியிருப்பாங்க" என்றாள். ஒரு வருஷம் எங்கே போதும்? மாலையில் திருப்பலி முடிந்து, கல்லறைத் தோட்டத்தில் நல்லடக்கம் செய்துவிட்டு வந்தோம்.

அவரிடமிருந்து எனக்கு எது மிஞ்சியது என்று எழுத வேண்டும். விண்வெளி அறிவு மிஞ்சவில்லை. அவர் சொன்னதில் பாதி தப்பு. ஓட்டு முறையும் மிஞ்சவில்லை. அதில் இருக்கிற ஓட்டையை முதலில் கண்டுபிடித்தவள் நான். இந்த மாதக் கூட்டத்தில் நான் ஒரு தீர்மானம் கொண்டுபோனேன். மாடியில் அந்தத் தகடுகளுக்குப் பக்கத்தில் ரெஜினா டீச்சர் பெயரைக் கல்லில் வெட்டி வைக்க வேண்டும் என்று. கோமதி, கல்லுக்குப் பதில் தெருவிளக்கு இல்லாத எங்கள் முனைக்கு அந்த மின்சாரத்தில் ஒரு விளக்கு போடலாம் என்றார். சீட்டில் டிக் போட்டோம், இட்லிப் பானையில் போட்டோம். நான்தான் எண்ணினேன். கல் தோற்றது, விளக்கு ஜெயித்தது. எனக்குக் கோபம் வந்தது. நாற்காலியைப் பின்னால் தள்ளினேன். எல்லாரும் நான் எழுந்து போகப்போகிறேன் என்று பார்த்தார்கள். சுந்தரேசன் சார் காபியை நீட்டினார். நான் வாங்கிக்கொண்டு, விளக்கை எந்த உயரத்தில் போடுவது என்று கேட்டேன்.